கருங்கல் நிலத்தில் நீர் தேடும் வரைபடம்

நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் நிலத்துக்கு அடியில் நீர் தேடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். 1998ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீடு நடந்ததை அறிந்தோர் அவ்வாறு வினவமாட்டார். மலைச்சரிவுத் தோட்டங்களிலோ, ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓடை மெலிந்துவிட்டால், லயத்துக் குடும்பங்கள் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்க நேரிடுகின்றது. அத்தகைய இடங்களில் ஆழ்துளைக் கிணறு கைகொடுக்கும். ஆனால் அதனை எங்கே தோண்டுவது? துளை வறண்டுபோனால் செலவிட்ட பணம் திரும்பாது.

கிளந்தானின் வடபகுதியில் இவ்வினா அத்துணைக் கடினமன்று. ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் சரளையும் அங்கு ஆழப் படிந்துள்ளன. கோத்தா பாரு வட்டாரத்து மக்கள் நெடுங்காலமாகவே நிலத்தடி நீரைப் பெரிதும் பயன்படுத்தி வருகின்றனர். தித்திவங்சா மலைத்தொடரோ பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. சிதையாத கருங்கல்லின் உள்ளே நீர் தங்குவதற்கான துளைகள் நூற்றில் ஒரு பங்குகூட இரா.

அவ்வாறாயின் கருங்கல் நிலத்தில் நீர் எங்கே இருக்கின்றது? இரண்டு இடங்களில் இருக்கின்றது. ஒன்று, பாறையின் மேலே போர்வைபோல் கிடக்கும் சிதைந்த மண். நமது வெப்பத்திலும் மழையிலும் கருங்கல் இற்று மண்ணாகின்றது. பல இடங்களில் இப்போர்வை 30 மீட்டருக்கும் மேல் செல்கின்றது. இதன் மேற்பகுதியில் களிமண் மிகுதி. (பீடோர் வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்படும் வெள்ளைக் களிமண்ணும் இவ்வாறு கருங்கல் இற்றுப் பிறந்ததே.) களிமண் நீரை நிறையக் குடிக்கும், ஆனால் எளிதில் விட்டுக்கொடாது. அதற்குக் கீழே, பாறையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பருமணல் படிவமே கிணற்றுக்கு நீர் ஊட்டுவது.

மற்றோர் இடம் பாறையின் வெடிப்புகள். பால் மங்கில் விழுந்த கீறலை எண்ணிப் பாருங்கள். மங்கின் உடல் ஒரு சொட்டும் விடாது, கீறல் விடும். பாறையும் அத்தகையதே. பேராக்கின் உலு சிலிமில் நாம் காணும் வெந்நீரூற்று இதற்குச் சான்று. மழைநீர் வெடிப்புகளின் வழியே நெடுந்தூரம் ஆழத்துக்கு இறங்கி, அங்குச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகின்றது. எனினும், பொதுவாக ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைந்து இறுகிவிடுகின்றன. ஆகவே, "இன்னும் ஆழமாகத் தோண்டினால் நீர் வந்துவிடும்" என்பது எப்போதும் பலிக்கும் கணக்கன்று.

நீர்வள வரைபடம் தயாரிப்போர் ஒரே நிலத்துக்குப் பல படங்களை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கின்றனர். பாறையின் வகை ஒரு படம்; நிலச்சரிவின் அளவு ஒன்று; ஓடைகள் ஒன்று; சிதைந்த மண்ணின் கனம் ஒன்று. செங்குத்தான சரிவில் மழைநீர் ஊறுமுன் ஓடிவிடும். எனவே அதற்குக் குறைந்த மதிப்பெண். சமமான பள்ளத்துக்குக் கூடுதல் மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டியபின், நீர்வளம் மிகுதி, நடுத்தரம், குறைவு என நிலம் நிறம் நிறமாகப் பிரிகின்றது. முன்னர் கையால் செய்த இவ்வேலையை இன்று கணினி செய்கின்றது.

இவற்றுள் முதன்மையானது வெடிப்புகளின் படம். வானிலிருந்து எடுத்த படத்தில் பள்ளத்தாக்கோ ஓடையோ நேர்க்கோடாகச் சென்றால், அடியில் வெடிப்பு இருக்கலாம் என்று கொள்வர். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் இன்னும் நல்லது. ஆனால் தோட்டத்தில் ஓர் இடர் உண்டு. தோட்டச் சாலை நேர்க்கோடு, வடிகால் நேர்க்கோடு, நாம் நட்ட நிரையும் நேர்க்கோடே! மனிதன் போட்ட கோட்டை இயற்கையின் கோடாக எண்ணித் துளையிட்டால் நட்டமே மிஞ்சும். மேலும், எல்லா வெடிப்பும் திறந்திருப்பதில்லை. கிள்ளான் கேட்ஸ் அருகே வெண்மையாக நீண்டு நிற்கும் மலைமுகடு, ஒரு பெரும் பிளவில் படிகக்கல் நிரம்பி இறுகியதால் உண்டானது.

ஆதலின், படத்தில் தேர்ந்த இடத்தை நேரில் சோதிக்கின்றனர். தரையில் முளைக்கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, நிலம் அதனை எவ்வளவு தடுக்கின்றது என்று அளக்கின்றனர். கட்டியான கருங்கல் மிகுதியாகத் தடுக்கும். நீர் நிறைந்த படிவம் குறைவாகத் தடுக்கும். ஈரக் களிமண்ணும் குறைவாகவே தடுக்குமாதலால் இக்கருவியும் சில வேளைகளில் ஏமாற்றும். இருப்பினும், குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவரை நம்புவதினும் இது பன்மடங்கு மேல் என்பது நமது கருத்து.

வானிலிருந்து பார்க்கவியலாத ஒன்றைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். நாள்தோறும் விடியலில் நிரைக்குச் செல்வோருக்கு, இலையுதிர் காலத்திலும் எந்தப் பள்ளம் ஈரமாயிருக்கும், எந்த ஊற்று வற்றாது, பழைய கிணறு எங்கே மூடப்பட்டது என்பவை தெரியும். அளவெடுக்க வருவோரிடம் இவற்றைத் தயங்காது கூறுங்கள், கேளாவிடினும் கூறுங்கள்.

குடியிருப்பின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகின்றது என்பதையும் காட்டுங்கள். நீர் சேரும் பள்ளமே கழிவும் சேரும் பள்ளமாதல் உண்டு. மணல் அழுக்கை ஓரளவு வடிகட்டும். பாறை வெடிப்போ வடிகட்டாது, வந்ததை அப்படியே கடத்தும். மலக்குழிக்குக் கீழ்ப்புறம் அமைந்த கிணறு, எத்துணை நீர் சுரந்தாலும், நோய்க்கு வாயிலாகும்.

கருங்கல்லில் மணிக்கு 1,000 லிட்டர் தரும் கிணற்றைச் சிறிதென்று எண்ணவேண்டா. நாளுக்கு 10 மணி நேரம் இறைத்தால் 10,000 லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 100 பேருக்கு ஆகும். ஆனால் முதல் நாள் பீறிட்டதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. ஒரு நாளேனும் இடைவிடாது இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகின்றது, நிறுத்தியபின் எவ்வளவு விரைவில் ஏறுகின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நீரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவேண்டும். தெளிவாக வந்த நீர் வாளியில் சிறிது நேரம் இருந்தபின் செம்மஞ்சளாக மாறினால், பெரும்பாலும் அது இரும்பு கலந்த நீராகும். காற்றுப்படத் தூவி விழச்செய்து, மணலில் வடித்தால் அந்நிறம் பெரிதும் நீங்கும். நோய்க்கிருமி இதனால் நீங்கிவிடாது. சோதனை முடிவு வரும்வரை அந்நீரைக் கொதிக்க வைத்தே அருந்துதல் வேண்டும்.