அணி மாறினும் அறம் மாறாமை

கோடையில் கெடிலம் வற்றியபின், திருப்பாதிரிப்புலியூர்ச் சிறுவர் அவ்வாற்று மணலில் சடுகுடு ஆடுவதுண்டு. ஒரு கட்சியில் ஆள் குறைந்தால் மறு கட்சியான் ஒருவன் அங்குச் சென்று சேர்வான். அதனை எவரும் குறை கூறார். ஆனால், ஒரு நாட்டின் சார்பில் ஆடியவர் பின்னர் வேறொரு நாட்டின் சார்பில் ஆடப் புகுந்தால், ‘இவர் யாருக்கு உரியவர்?’ என்னும் வினா எழுகின்றது.

ஆஸ்திரியா நாட்டில் 1963ஆம் ஆண்டு பிறந்த மார்க் ஜிரார்டெல்லி ஒரு பனிச்சறுக்கு வீரர். காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனி மூடிய மலைச்சரிவில், நட்ட கம்பங்களின் ஊடே வளைந்து விரைந்திறங்குவது அவ்விளையாட்டு. அவரைப் பயிற்றும் முறைபற்றி அவர் தந்தையாருக்கும் அந்நாட்டுச் சங்கத்தாருக்கும் கருத்து வேறுபாடு நேர்ந்தது. ஆகவே அவர், பனிமலை ஏதுமில்லாத லக்சம்பர்க் என்னும் சிறு நாட்டின் சார்பில் போட்டியிட்டார். 1985, 1986, 1989, 1991, 1993 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்த வெற்றியை அடைந்தார்.

நம் நாட்டிலும் இவ்வாறு அணி மாறியவர் ஒருவர் உண்டு. அவர் பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான். 1910ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1931இல் கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஆட்டமிழவாமல் 238 ஓட்டங்கள் குவித்துப் புகழ் பெற்றார். 1932ஆம் ஆண்டு இந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இலண்டன் நகரில் ஆடியபோது அவர் அவ்வணியில் இலர். அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்து அணியினருடன் ஆஸ்திரேலியா சென்றார். சிட்னியில் ஆடிய தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே 102 ஓட்டங்கள் எடுத்தார்.

அப்பயணத்தில் இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் ஒரு கடுமையான முறையைக் கையாண்டார். வேகப்பந்து வீச்சாளர், அடிப்பவரின் உடலை நோக்கிப் பந்தை எழும்பச் செய்வர். அவர் தற்காக்க முயலும்போது எழும் பந்தைப் பிடிக்கக் கால்பக்கத்தில் பலர் நெருங்கி நிற்பர். அவ்வரிசையில் நிற்குமாறு தலைவர் பணித்தபோது பட்டோடி மறுத்துவிட்டார். சதம் அடித்தவராயினும், இரண்டாம் டெஸ்டிற்குப்பின் அத்தொடரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அம்முறையைப் பிற்காலத்து ஆட்ட விதிகளே கட்டுப்படுத்தின என்பதை எண்ணுமிடத்து, அவர் மறுப்பின் நேர்மை விளங்கும்.

1946ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்னர், அவரே இந்திய அணியின் தலைவராக இங்கிலாந்து சென்றார். முன்பு எவருடைய அணியில் ஆடினாரோ அவரையே எதிர்த்து நின்றார். மூன்று டெஸ்டுகளுள் ஒன்றில் இந்தியா தோற்றது. ஏனைய இரண்டும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் மிகுந்த ஓட்டங்கள் எடுக்கவில்லை. 1952ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள், டில்லியில் போலோ ஆடுகையில் தம் 41ஆம் அகவையில் உயிர் நீத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் டெஸ்ட் ஆடியவர் அவர் ஒருவரே.

‘முதலிலேயே இந்தியாவுக்கு ஆடியிருக்கலாகாதா?’ என்று வினவுவாரும் உளர். அவ்வினா தவறன்று; அன்று புதிதாய்க் களம் புகுந்த நம் அணிக்கு அவர் துணை பெரிதும் பயன்பட்டிருக்கும். ஆயினும் ஒருவரை அளக்க, அவர் அணிந்த சட்டையின் நிறம் ஒன்றே போதுமான அளவுகோல் ஆகாது. தம் அணி வெல்லும் வேளையிலும் தகாததைத் தகாதது எனக் கூறி, அதனால் வந்த இழப்பையும் ஏற்றமையே பட்டோடியின் பெருமை.

மாணவர்களே! நீங்கள் நாளை எந்த ஊரிலும் எந்தப் பணியிலும் சேரலாம். சேர்ந்த இடத்துக்கு உண்மையாய் உழைத்தல் கடமை. ஆனால், அவ்விடத்தார் பிறரை வருத்தும் செயலுக்கு உங்களை அழைப்பாராயின், ‘மாட்டேன்’ எனக் கூறும் துணிவும் வேண்டும். இடம் மாறலாம், அறம் மாறலாகாது.