அரிய நிறச் சண்டை மீன்: மரபுக் கணக்கும் வரவு செலவுக் கணக்கும்

சிறு முதலீட்டில், வீட்டின் மாடியிலோ கொல்லையிலோ நடத்தக்கூடிய தொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. சென்னையில் கொளத்தூர்ப் பகுதி இத்தொழிலால் நாடறிந்த இடமாயிற்று. பெங்களூரு நகரை அடுத்த ஊர்களிலும் இதில் நாட்டம் கொள்வோர் உண்டு. நகரின் தென்கிழக்கே, ஆனேக்கல் வட்டத்தில், ஒசூர் நெடுஞ்சாலையில் அமைந்த சந்தாபுரா போன்ற புறநகர் ஒன்றில் மொட்டை மாடி வசதியுள்ள குடும்பம் இத்தொழிலில் இறங்க எண்ணினால், முதலில் அதன் கண்ணில் படுவது சண்டை மீனே. பெட்டா என்றும் பைட்டர் மீன் என்றும் வழங்கும் இம்மீனில் சாதாரண நிறத்துக்கு ஒரு விலை, அரிய நிறத்துக்குப் பன்மடங்கு விலை. ஆகவே அரிய நிற இணை ஒன்றை அதிக விலைக்கு வாங்கிப் பெருக்கினால் ஆதாயம் உறுதி என்ற எண்ணம் எழுகிறது. இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனின் இயல்பு

சயாமியச் சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. 1910ஆம் ஆண்டில் ரீகன் என்னும் விலங்கியலார் இதற்கு பெட்டா ஸ்பிளென்டன்ஸ் என்ற அறிவியல் பெயரை வழங்கினார். 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுள்களுடன், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இதற்கு உண்டு. அதனால் சிறு கலத்திலும் உயிர் வாழும். ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிக் கூடு கட்டும். பெண் இடும் முட்டைகளை வாயால் எடுத்துக் கூட்டில் சேர்த்துக் காக்கும். ஓரிரு நாட்களில் முட்டை பொரியும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். முதலில் இன்புசோரியா போன்ற நுண்ணுயிர் உணவும், பின்னர் ஆர்டிமியாக் குஞ்சும் தேவை. ஆண் குஞ்சுகள் வளர்ந்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறுமாதலால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் இடவேண்டும். இந்த ஒரு செய்தியே இத்தொழிலின் செலவை நிர்ணயிக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிறத்தின் மரபு விதி

நிறம் தற்செயலாய் வருவதன்று. 1934இல் குட்ரிச், மெர்சர் ஆகியோரும், 1958இல் வால்பிரன் என்பவரும் சண்டை மீனின் நிறங்கள் மெண்டல் வகுத்த விதிகளைப் பின்பற்றுவதை எடுத்துக்காட்டினர். மின்னும் நீல நிறம் இதற்கு நல்ல சான்று. எஃகு நீலம், ராயல் நீலம், பச்சை கலந்த நீலம் ஆகிய மூன்றும் ஒரே மரபணுவின் இரு வடிவங்களால் விளைபவை. ராயல் நீல மீன் இரு வடிவங்களிலும் ஒவ்வொன்றைப் பெற்ற கலப்பு மீன். எனவே இரண்டு ராயல் நீல மீன்களை இணை சேர்த்தால், குஞ்சுகளில் பாதியே ராயல் நீலமாகும். எஞ்சியவற்றில் சரிபாதி எஃகு நீலம், சரிபாதி பச்சை நீலம். மாறாக, எஃகு நீலத்தையும் பச்சை நீலத்தையும் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் ராயல் நீலமாகவே பிறக்கும். விதியை அறியாதவர் விலை உயர்ந்த இணையை வாங்கிப் பாதி விளைச்சல் காண்கிறார். அறிந்தவர் எளிய இணையிலிருந்து முழு விளைச்சல் பெறுகிறார்.

சடுதி மாற்றத்தால் தோன்றும் அரிய பண்புகள் பலவும் ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணு வந்தால்தான் பண்பு வெளிப்படும். அரிய மீனைச் சாதாரண மீனுடன் சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு குஞ்சிலும் அப்பண்பு தெரியாது. அத்தலைமுறை உடன்பிறப்புகளை இணைத்தால் நான்கில் ஒன்றில் தெரியும். தனித்தனியே மரபுறும் இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே மீனில் வேண்டினால் பதினாறில் ஒன்று. மூன்று பண்புகளாயின் அறுபத்து நான்கில் ஒன்று.

விதிக்கு எளிதில் அடங்காதவையும் உண்டு. மெலானோ எனப்படும் கருநிற வகையில் பெண் மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆகவே கருநிற ஆணை, அம்மரபணுவை மறைவாகத் தாங்கிய வேறு நிறப் பெண்ணுடன் சேர்க்கவேண்டும். அப்போதும் பாதிக் குஞ்சுகளே கருமையாகும். கோய் என்று விற்கப்படும் பளிங்கு நிற மீன்களோ வாழ்நாளிலேயே நிறம் மாறும் இயல்புடையவை. இன்று சிவப்பும் கருப்பும் வெள்ளையுமாய் உள்ள மீன், சில மாதங்களில் ஒரே நிறமாகிவிடலாம். இவற்றுக்கு நிற உத்தரவாதம் அளிப்பது இயலாது.

செலவு எங்கே விழுகிறது?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இரண்டு ஒடுங்கு பண்புகளை நாடி, இரண்டாம் தலைமுறையில் 160 குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியதாகக் கொள்வோம். விரும்பிய வகை சராசரியாக 10 கிடைக்கும். அவற்றில் ஆண் ஏறத்தாழ 5. துடுப்புக் குறை, உடற்குறை உள்ளவற்றை நீக்கினால் மூன்று மிஞ்சலாம். ஆனால் ஆண் மீன்கள் சுமார் 80க்கும் தனிப் புட்டி, தினசரித் தீவனம், நீர் மாற்றும் உழைப்பு ஆகியவை தேவைப்பட்டன. அந்த மூன்று மீன்களின் விலைதான் மற்றவற்றின் செலவையும் சுமக்கவேண்டும். அரிய மீனின் விலை உயர்வாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. அது முழுவதும் ஆதாயமன்று. பெரும்பகுதி சாதாரண மீன்களின் வளர்ப்புச் செலவேயாகும்.

இச்செலவைக் குறைக்க வழியுண்டு. முதல் தலைமுறை மீனை உடன்பிறப்புடன் சேர்க்காமல், அரிய பண்புடைய பெற்றோருடன் மீண்டும் சேர்ப்பது பின்கலப்பு எனப்படும். இம்முறையில் இரண்டு பண்புகளும் நான்கில் ஒரு குஞ்சில் வெளிப்படும். அதே 160 குஞ்சுகளில் 10க்குப் பதில் 40 கிடைக்கும். சண்டை மீன் நான்கைந்து மாதங்களில் இனப்பெருக்கத்துக்கு உரியதாகிவிடுவதால் இது நடைமுறையில் இயல்வதே. ஆயினும் நெருங்கிய உறவில் தொடர்ந்து இணைத்தால் குஞ்சுகளின் வலிமை குன்றும்; முதுகெலும்புக் கோணல் போன்ற குறைகள் தலைகாட்டும். எனவே சில தலைமுறைக்கு ஒருமுறை வெளி மரபைச் சேர்த்தாக வேண்டும். எந்த மீன் எந்த இணைக்குப் பிறந்தது என்னும் பதிவேடு இல்லாதவர்க்குப் பின்கலப்பும் கைவராது, வெளிக்கலப்பும் கைவராது. ஒரு குறிப்பேடும், புட்டிதோறும் ஒட்டிய எண்ணும் இத்தொழிலின் முதற்பெரும் மூலதனம்.

அருமை நிலைப்பதில்லை

அரிய நிறத்தின் விலையில் மற்றொரு பொருளாதார உண்மையும் அடங்கியுள்ளது. ஒடுங்கு பண்பு வெளிப்பட்ட இரு மீன்களை இணைத்தால் குஞ்சுகள் அனைத்தும் அப்பண்பையே பெறும். ஆகவே ஓர் இணையை விற்பவர் மீனை மட்டும் விற்பதில்லை. உற்பத்தி உரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார். வாங்கியவர் சில மாதங்களில் போட்டியாளராகிறார். வரத்து பெருகும், விலை சரியும். கடைசியாக வந்து அதிக விலை கொடுத்து இணை வாங்கிய சிறு வளர்ப்பாளரே நட்டத்தைத் தாங்குகிறார். கடன் வாங்கித் தொடங்கியவராயின் அவர் நிலை மேலும் கடினம். எனவே குடும்ப வருவாய்க்கு அடிப்படையாக வேண்டியது உடல்நலமும் சீரான நிறமும் உடைய, சந்தையில் எப்போதும் கேட்கப்படும் வகைகளே. அரிய நிறம் அதன்மேல் வரும் உபரியாக இருக்கலாம், அடித்தளமாகாது.

இடத்துக்கு ஏற்ற கணக்கும் தேவை. சண்டை மீன் பெருக்கத்துக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இது இயல்பாகவே கிட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூருவிலோ மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 பாகை அளவுக்குத் தாழ்கிறது. நீரைச் சூடேற்றும் மின்செலவை முதலிலேயே திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

நீக்க வேண்டிய பண்புகள்

எல்லாச் சடுதி மாற்றமும் போற்றத்தக்கதன்று. தடித்த செதில் கொண்ட டிராகன் வகையில் செதில் கண்ணின்மேல் வளர்ந்து பார்வையைப் பறிப்பதுண்டு. இரட்டை வால் வகையில் உடல் குறுகி, முதுகெலும்பு வளைவது காணப்படுகிறது. மிகப் பெரிய துடுப்பு நீந்துவதற்கே சுமையாகிறது. வாங்குவோர் கண்ணைக் கவர்வதற்காக உயிருக்கு ஊறு தேடுவது முறையன்று. அத்தகைய மீன்கள் விரைவில் இறப்பதால் வணிகத்தின் நற்பெயரும் கெடும். மீன்களைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கழித்த மீன்களை ஏரியில் விடுவதும் கூடாது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீன் தென்னிந்திய நீர்நிலைகளில் பரவி மீனவர்க்குத் தொல்லையாகியிருப்பது கண்கூடு. சந்தாபுரா ஏரி சீர்கேட்டுக்காக 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்கவேண்டுமென உத்தரவிட்டது. ஏற்கெனவே நலிவுற்ற ஏரிகளுக்கு மேலும் சுமை ஏற்றலாகாது.

அரசின் பங்கு

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், மகளிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு 60 விழுக்காடும் மானியம் என்பது அதன் விதி. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் உள்ளது. மானியம் தொட்டியையும் கருவியையும் தரும். மரபறிவையும் பதிவேட்டுப் பழக்கத்தையும் பயிற்சிதான் தரவேண்டும். விண்ணப்பங்களை ஆராயும் அலுவலர்கள் தொட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கேளாமல், விண்ணப்பதாரர் எந்த வகையை வளர்க்கப் போகிறார், கழிவு மீனுக்கும் கழிவு நீருக்கும் என்ன ஏற்பாடு, குளிர் மாதச் செலவு யாது என்றும் கேட்பது நலம். இக்கேள்விகளுக்கு விடை காணும் குடும்பம் அரிய நிறத்தின் கவர்ச்சியில் கைப்பொருளை இழக்காது. உழைப்புக்கேற்ற வருவாயைத் தொடர்ந்து பெறும்.