ஆளில்லாச் சோதனையின் செலவும் பயனும்

மனிதனை விண்ணுக்கு அனுப்பும் திட்டங்களில், ஆளின்றி ஏவப்படும் சோதனை ராக்கெட்டுகளுக்கும் பெருந்தொகை செலவாகிறது. ஒரே முறை பறந்து கடலில் வீழும் கருவிக்கு இச்செலவு தேவையா என்ற வினா எழுவது இயல்பே. அமெரிக்காவின் மெர்க்குரி-ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

இராணுவ ஏவுகணையாயிருந்த ரெட்ஸ்டோன், மனிதப் பயணத்திற்கென மாற்றியமைக்கப்பட்டது. ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் அதனை உந்தின. அதன் வேகம் மணிக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர். புவியைச் சுற்றிவர ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எனவே அது ஏற்றிச் சென்ற கலம், எறிந்த கல்லைப்போல் உயர்ந்து, வளைந்து, கடலில் இறங்கியது.

1960 நவம்பர் 21 அன்று நடந்த முதற் சோதனையில் ராக்கெட் சுமார் 10 சென்டிமீட்டர் எழும்பி மேடையிலேயே அமர்ந்துவிட்டது. இரு மின் இணைப்புகள் முறைமாறி விடுபட்டதால் எஞ்சின் நின்றுபோனதே காரணம். 1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்னும் சிம்பன்சி அனுப்பப்பட்டது. உந்துவிசை மிகுந்தமையால் கலம் குறித்த இடத்தைத் தாண்டி வீழ்ந்தது. ஹாம் உயிருடன் மீண்டது.

அடுத்து மனிதனையே அனுப்பலாம் என்ற கருத்து இருந்தது. எனினும் வெர்னர் வான் பிரௌன் மேலும் ஓர் ஆளில்லாச் சோதனையை வலியுறுத்தினார். மார்ச் 24 அன்று அது வெற்றியுடன் நிறைவேறியது. ஆனால் ஏப்ரல் 12 அன்று சோவியத் வீரர் யூரி ககாரின் புவியைச் சுற்றிவந்தார். விண்வெளியில் முதல் மனிதர் என்ற பெருமை கைநழுவியது. மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டு ரெட்ஸ்டோனில் சுமார் 187 கிலோமீட்டர் உயரம் சென்று, 15 நிமிடங்களில் நலமாகத் திரும்பினார்.

இந்தியாவின் ககன்யான் திட்டமும் இவ்வழியே செல்கிறது. இதற்கெனப் பெங்களூரில் மனித விண்வெளிப் பயண மையம் 2019இல் தொடங்கப்பட்டது. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், விகாஸ் எஞ்சின் பொருத்திய ஒற்றையடுக்குச் சோதனை ராக்கெட் ஏவப்பட்டது. புறப்பட 5 வினாடிகள் இருக்கையில் கணினி ஏவுதலை நிறுத்தியது. குறை களையப்பட்டு, அன்றே காலை 10 மணிக்கு அது எழுந்தது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், ஆபத்து நேர்ந்தாற்போலவே வீரர் கலம் ராக்கெட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. பின்னர் அது பாராசூட்டுகளின் துணையுடன் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதனை மீட்டனர்.

2018இல் ககன்யானுக்கு மத்திய அமைச்சரவை அனுமதித்த தொகை சுமார் 9,023 கோடி ரூபாய். 2024இல் விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து அது 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. இத்தகைய செலவினத்தை ஆராய்வோர், ராக்கெட் மீண்டதா என்று கேட்பதினும், சோதனை எந்த ஐயத்தை நீக்கியது என்று கேட்டல் வேண்டும். அங்ஙனம் பெறும் அறிவே முதலீடு. அதன் பயன் உயிர்க் காப்பு.