ஒரு கோடை, ஒரு வெள்ளாமை

மைசூர் பருப்பு எல்லோருக்கும் தெரியும். தோல் நீக்கினால் செம்மஞ்சள் நிறம். சீக்கிரம் வேகும். உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இது நிறைய விளைகிறது. விளைந்தது போதாத ஆண்டுகளில் கப்பலில் வெளிநாட்டுப் பருப்பு வரும். நெடுங்காலமாக அப்படி அதிகம் அனுப்பிய நாடு கனடா. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு கொடுத்ததும் உண்டு.

அந்தப் பருப்பு விளையும் மண் எப்படிப்பட்டது? அங்கே கோடை எப்படி இருக்கும்? மழை தவறினால் அந்த ஊர் விவசாயி என்ன செய்வார்? அவருடைய மாடு என்ன தின்னும்?

புல்வெளி நாடு

கனடா வட அமெரிக்காவில் இருக்கிறது. அதன் மேற்குப் பாதியில் மூன்று மாநிலங்கள் அடுத்தடுத்து உள்ளன. மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. இவற்றின் தென்பகுதி பெரிய சமவெளி. மலை இல்லை. மரம் குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிலம்தான். முன்பு அங்கே புல் மட்டும் இருந்தது. காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்தன. அதனால் பிரெய்ரி என்று பெயர். பிரெய்ரி என்றால் புல்வெளி.

இன்று அங்கே கோதுமை, பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மைசூர் பருப்பு எல்லாம் விளைகின்றன. கனோலா என்று ஓர் எண்ணெய் வித்தும் உண்டு. அது கடுகின் உறவு. மஞ்சளாகப் பூக்கும். பண்ணைகள் பெரியவை. சஸ்காச்சுவானில் ஒரு பண்ணை சராசரியாக 1,700 ஏக்கருக்கு மேல். கேட்டால் ஜமீன் போலத் தோன்றும். ஆனால் விதை, உரம், எந்திரம், எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் முதலில் பணம் போட வேண்டும். பலரும் கடன் வாங்கித்தான் போடுகிறார்கள். வெள்ளாமை வந்தால்தான் கடன் அடையும்.

வெள்ளாமையோ ஆண்டுக்கு ஒன்றுதான். குறுவை, சம்பா என்று இரண்டு போகம் அங்கே கிடையாது. குளிர்காலத்தில் மண் கல் போல உறைந்து கிடக்கும். குளிர் சில நாட்களில் பூச்சியத்துக்கும் கீழே 30 டிகிரிக்குப் போகும். ஏப்ரலில் பனி உருகும். மே மாதம் விதைப்பு. ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை. உறைபனி விழாத நாட்கள் ஏறக்குறைய 100 முதல் 120 வரைதான். அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து, முற்றிவிட வேண்டும்.

இவ்வளவு குறைந்த நாளில் எப்படி முடியும்? பகல்தான் காரணம். ஜூன் மாதத்தில் அங்கே 16 மணி நேரத்துக்கு மேல் பகல். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பயிர் மளமளவென்று வளரும்.

மழை அதிகம் இல்லை. வறண்ட தென்மேற்குப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர். ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கம் பெய்யும் அளவுதான். ஆனால் குளிர் நாடு, ஈரம் மெதுவாகக் காயும். அதனால் அந்த மழையிலும் கோதுமை விளையும். ஒன்று மட்டும் வேண்டும். மழை நேரத்தில் வர வேண்டும்.

பூக்கும் நேரத்து வெயில்

எவ்வளவு மழை என்பதைவிட எப்போது மழை என்பதே அங்கே பெரிய கேள்வி. ஜூன் மாதத்தில் பெய்யும் ஒரு நல்ல மழை பயிரைத் தூக்கிவிடும். அதே மழை செப்டம்பரில் வந்தால் அறுத்துப் போட்ட கதிர் முளைத்துவிடும். மாவு கெடும். விலை இறங்கும்.

வெயிலும் அப்படித்தான். கனோலா ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூக்கும். அப்போது 30 டிகிரிக்கு மேல் வெயில் பல நாட்கள் நீடித்தால் பூ கருகி உதிரும். வயல் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள். பிறகு கிட்டே போய்ப் பார்த்தால் காய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காம்புதான் நிற்கும். கோதுமைக்குப் பால் பிடிக்கும் நேரம் முக்கியம். அப்போது அனல் அடித்தால் மணி முழுதாக நிரம்பாது. பயிர் அவசரமாக முற்றிவிடும். சுருங்கிய மணிகள் கிடைக்கும். சில கதிர்கள் சாவியாகவே போய்விடும்.

30 டிகிரி என்பது இந்தியாவில் ஒரு சாதாரண நாள். ஆனால் அந்தப் பயிர்கள் குளிருக்குப் பழகியவை.

2021-ஆம் ஆண்டு இது பெரிய அளவில் நடந்தது. ஜூன் கடைசியில் மேற்குக் கனடா மீது வெப்பக் காற்று மூடி போட்டது போல நின்றுவிட்டது. மலைப்பகுதியில் லிட்டன் என்ற ஊரில் ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. கனடாவில் அதுவரை அவ்வளவு வெயில் பதிவானதே இல்லை. அந்த அனல் பிறகு புல்வெளிப் பக்கம் நகர்ந்தது. பல ஊர்களில் 35 டிகிரியைத் தாண்டியது. மழையும் இல்லை. பயிர் அப்போதுதான் பூத்திருந்தது.

முந்தைய ஆண்டு கனடாவில் கோதுமை சுமார் 3 கோடியே 50 லட்சம் டன் விளைந்தது. 2021-இல் சுமார் 2 கோடியே 20 லட்சம் டன்தான். மைசூர் பருப்பு சுமார் 29 லட்சம் டன்னிலிருந்து 16 லட்சம் டன்னாக இறங்கியது.

மைசூர் பருப்புச் செடிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதற்குத் தண்ணீர் அதிகமானாலும் ஆகாது. கோடை முழுவதும் ஈரமாக இருந்தால் செடி பச்சையாக வளர்ந்துகொண்டே போகும். காய் பிடிக்காது. வேரும் அழுகும். கொஞ்சம் காய்ந்தால்தான் செடி காய்க்கத் தொடங்கும். ஆகவே பக்கத்து வயல் கோதுமைக்காரர் மழைக்கு ஏங்கும்போது பருப்புக்காரர் போதும் போதும் என்று சொல்லக்கூடும். இரண்டையும் பயிரிடுபவர் பாடு இன்னும் சங்கடம்.

ஜூலை மாதம் ஆலங்கட்டி மழைக் காலம். பத்து நிமிடத்தில் ஒரு வயல் தரையோடு தரையாகிவிடும். வேலிக்கு அந்தப்புறம் உள்ள வயல் அப்படியே நிற்கும். உறைபனியும் சில ஆண்டுகளில் முந்திவிடும். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 அன்றே சஸ்காச்சுவானில் உறைபனி விழுந்தது. முற்றாத பயிர் ஒரே இரவில் கெட்டது.

மாடும் தண்ணீரும்

பயிர் விளையாத மேட்டு நிலத்தில் மாடு மேய்கிறது. பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள். தாயும் கன்றும் கோடை முழுவதும் வெளியில்தான் இருக்கும்.

அந்த மாடுகளில் பல கறுப்பு நிறம். ரோமம் அடர்த்தி. குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. திமில் உள்ள நம் நாட்டு மாடு நன்றாக வியர்க்கும். அதன் தோல் தளர்ந்து தொங்கும். அதனால் உடம்புச் சூடு வெளியே போகும். அங்குள்ள மாட்டுக்கு அந்த வசதி குறைவு. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீனி எடுக்காது. இரவில் குளிர்ந்தால் தேறிவிடும். இரவிலும் புழுக்கம் இருந்தால் ஆபத்து.

வெயில் நாளில் கன்றுள்ள ஒரு மாடு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் எங்கிருந்து வரும்? நிலத்தில் வெட்டிய குட்டைகளிலிருந்து. பனி உருகிய நீர் அவற்றில் தேங்கும். கோடையில் குட்டை வற்றும். தண்ணீர் ஆவியாகும். ஆனால் தண்ணீரில் உள்ள உப்பு ஆவியாகாது. அது குட்டையிலேயே தங்கும். தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராமுக்குக் குறைவாக உப்பு இருந்தால் மாடு குடிக்கலாம். 7 கிராமைத் தாண்டினால் கொடுக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் தென் சஸ்காச்சுவானில் ஒரு பொது மேய்ச்சல் நிலத்தில் 200-க்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. குட்டையில் தண்ணீர் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சோதித்தபோது ஒரு லிட்டரில் 30 கிராமுக்கு மேல் உப்பு இருந்தது. ஏறக்குறைய கடல் நீர் அளவு. மாடுகள் தாகத்தாலும் உப்பு விஷத்தாலும் செத்தன. பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். அதன் பிறகு குட்டைத் தண்ணீரைச் சோதிக்கும்படி கால்நடைத் துறையினர் விடாமல் சொல்லி வருகிறார்கள். வெயில் காலத்தில் தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசியும் படரும். அதில் சில வகை விஷம். குடித்த மாடு சில மணி நேரத்தில் இறக்கலாம்.

இன்னொரு ஆபத்து அடைப்பான் நோய். இதன் கிருமி மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெள்ளம் வந்து மண்ணைக் கிளறும். பிறகு நிலம் காயும். புல் குட்டையாகிவிடும். மாடு தரையோடு வாய் வைத்து மேயும்போது கிருமி உள்ளே போகும். 2006-ஆம் ஆண்டு கோடையில் சஸ்காச்சுவானில் சுமார் 800 கால்நடைகள் இதில் இறந்தன. இதற்குத் தடுப்பூசி உண்டு. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது. இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஜூலையில் போடும் கணக்கு

குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. பனி மூடிவிடும். கோடையில் புல்லை அறுத்து, காயவைத்து, பெரிய உருளைகளாகச் சுருட்டிச் சேர்த்து வைப்பார்கள். ஒரு மாடு நாளைக்கு 12 கிலோ காய்ந்த புல் தின்னும். 200 நாட்களுக்கு 2,400 கிலோ வேண்டும். அதாவது ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை டன். 100 மாடு இருந்தால் 240 டன்.

இந்தக் கணக்கைப் பண்ணைக்காரர் ஜூலையிலேயே போட்டுவிட வேண்டும். மழை பெய்தால் புல் இருக்கும். பெய்யாவிட்டால்? 240 டன் வேண்டிய இடத்தில் 100 டன்தான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 140 டன்னை வாங்க வேண்டும். ஆனால் ஊர் முழுக்க வறட்சி. எல்லோருக்கும் புல் தேவை. விலை ஏறிவிடும். இல்லையென்றால் மாட்டை விற்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருவார்கள். மாட்டின் விலை இறங்கிவிடும்.

கிழட்டு மாட்டை முதலில் விற்பார்கள். பிறகு சினை பிடிக்காததை. அதற்கும் மேல் விற்க வேண்டி வந்தால் நல்ல மாடு போகும். இருபது வருடம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வர்க்கம் அடிமாட்டு விலைக்குப் போகும். பிறகு மழை பெய்தாலும் அந்த மந்தை உடனே திரும்பி வராது. பிறந்த கிடாரி கன்று ஈன இரண்டு வருடம் ஆகும்.

2021-இல் பலர் இந்த நிலைக்கு வந்தார்கள். தானியம் தேறாத வயலைத் தீவனமாக வெட்டிக்கொள்ளலாம், காப்பீட்டுப் பணமும் உண்டு என்று சஸ்காச்சுவானில் விதியைத் தளர்த்தினார்கள். ஈனும் மாடு ஒன்றுக்கு 200 டாலர் வரை உதவி அறிவித்தார்கள். அது குளிர்காலத் தீனிச் செலவில் ஒரு பகுதிதான். ஆனாலும் சிலருடைய மந்தை பிழைத்தது.

வாடிய ஓட்ஸையும் பார்லியையும் அப்படியே மாட்டுக்குப் போடவும் கூடாது. வளர்ச்சி நின்ற பயிரில் நைட்ரேட் உப்பு சேர்ந்திருக்கும். அது மாட்டின் ரத்தத்தைக் கெடுத்துவிடும். வாடிய இளஞ்சோளத்தை மாட்டுக்குப் போடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது வேறு விஷம். ஆனால் இரண்டுக்கும் காரணம் பயிரின் வாட்டம்தான்.

பறந்த மண்

இதைவிட மோசமான காலமும் இருந்தது. 1930-களில் அங்கே வருடக்கணக்கில் மழை பொய்த்தது. 1937-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று சஸ்காச்சுவானில் யெல்லோ கிராஸ் என்ற ஊரில் 45 டிகிரி. அந்த ஆண்டு ஏக்கருக்கு ஒரு மூட்டைக் கோதுமைதான் கிடைத்தது. வெட்டுக்கிளி வேறு. உழுது உழுது பொடியாக்கிய மண் காற்றில் பறந்தது. பகலில் விளக்கு ஏற்றினார்கள். பெட்ரோல் வாங்கக் காசு இல்லை. காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்னால் குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். அதற்குப் பென்னட் வண்டி என்று பெயர் வைத்தார்கள். பென்னட் அப்போது இருந்த பிரதமர்!

1935-இல் அரசு ஒரு தனி நிர்வாகம் அமைத்தது. குட்டைகள் வெட்ட உதவினார்கள். காற்றைத் தடுக்க வரிசையாக மரம் நட்டார்கள். உழவுக்கு ஆகாத நிலத்தை மீண்டும் மேய்ச்சல் நிலமாக்கினார்கள். பிற்காலத்தில் விவசாயிகள் உழுவதையே பெருமளவு விட்டுவிட்டார்கள். அறுத்த தாளை வயலிலேயே நிற்க விடுவார்கள். தாள் பனியைப் பிடித்து வைக்கும். பனி உருகி மண்ணில் இறங்கும். அடுத்த விதைப்பு அந்தத் தாளின் நடுவிலேயே நடக்கும். 2021-இல் மழை பொய்த்தது. விளைச்சல் போனது. ஆனால் 1930-களைப் போல மண் பறக்கவில்லை.

கிழக்கும் மேற்கும்

2002-ஆம் ஆண்டும் புல்வெளியில் கடும் வறட்சி. அப்போது கிழக்கே ஒன்டாரியோ மாநில விவசாயிகள் தங்கள் புல்லை இலவசமாகக் கொடுத்தார்கள். ரயிலிலும் லாரியிலும் அது சுமார் 3,000 கிலோமீட்டர் மேற்கே போனது. பூச்சி பரவாமல் இருக்க மருந்துப் புகை போட்டு அனுப்பினார்கள். 2012-இல் ஒன்டாரியோவில் வறட்சி. அந்த முறை மேற்கிலிருந்து கிழக்கே புல் வந்தது. 2021-இல் மறுபடியும் கிழக்கிலிருந்து மேற்கே வண்டிகள் புறப்பட்டன.