பாடியா, லென்ஸா?

அன்புள்ள தம்பிக்கு,

சோனி ஏ6000-ஐக் கொடுத்துவிட்டு ஏ6700 வாங்கலாமா என்று கேட்டு, கூத்தில் எடுத்ததில் தேறிய படங்களையும் அனுப்பியிருக்கிறாய். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. துரியோதனன் திரைக்கு மேலே தலையைக் காட்டும் படத்தை உன் சித்தி போனில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் தேறிய படங்களைப் பார்த்து உன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது தேறாத படங்கள். அழிக்காமல் வைத்திருந்தால் அவற்றைக் கணினியில் பெரிதாகத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பார்.

ஆர்மோனியக்காரர், பந்தல் கால், சீரியல் பல்பு எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உன் கை. பந்தல் கால் கூர்மையாக இருந்து, வேஷக்காரரின் கையும் பாவாடையும் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது அவர். ஷட்டர் வேகம் போதவில்லை. அவர் முகம் மங்கி, பின்னால் உட்கார்ந்திருக்கும் மத்தளக்காரர் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிப் பின்னால் போயிருக்கிறது. எல்லாம் கூர்மையாக இருந்தும் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ எகிறியிருக்கிறது. இன்னொரு வகையும் உண்டு: எல்லாம் சரியாக இருந்தும் பார்க்க ஒன்றுமில்லாத படம். அதற்குக் கடையில் எதுவும் விற்பதில்லை.

பிரித்த பிறகு, ஒவ்வொரு வகையிலும் சில கோப்புகளின் விவரத்தைப் பார். ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தாய் என்பதெல்லாம் கோப்போடு கூடவே பதிவாகியிருக்கும். நீ அனுப்பிய நல்ல படங்களிலேயே நான் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் 50 மி.மீ., எஃப் 5.6, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 6400. உன் வியாதி அந்த நாலு எண்ணிலேயே எழுதியிருக்கிறது.

உன்னிடம் இருப்பது பாடியோடு சேர்த்துத் தந்த 16-50 கிட் லென்ஸ். 16-இல் வைத்தால் அது எஃப் 3.5 வரை திறக்கும். ஜூம் செய்து 50-க்குக் கொண்டுபோனால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. கூத்தில் நீ கூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாய். வேஷக்காரரின் முகம் வேண்டுமென்றால் ஜூம் செய்தே ஆக வேண்டும். ஆக, வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து லென்ஸ் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. இதே ஏ6000-இல் சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? எஃப் 5.6-இலிருந்து 4, 2.8, 2, 1.4 என்று நாலு படி; ஒரு படியை ஒரு ஸ்டாப் என்பார்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரு மடங்கு. நாலு படிக்குப் பதினாறு மடங்கு. அதில் நாலு மடங்கை ஷட்டருக்குக் கொடு: 1/60 போய் 1/250 ஆகிறது. மீதி நாலு மடங்கை ஐஎஸ்ஓவுக்குக் கொடு: 6400 இறங்கி 1600 ஆகிறது. கை அசைவும் நிற்கிறது, புள்ளியும் குறைகிறது. சுழன்று ஆடும்போது 1/250 போதாது, 1/500 வேண்டும். அப்போது ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றிக்கொள். அப்போதும் இன்றைய நிலையைவிட மேல்.

இப்போது அதே கிட் லென்ஸை ஏ6700-இல் மாட்டிப் பார்ப்போம். ஏ6000 வந்தது 2014-இல், ஏ6700 வந்தது 2023-இல். இடையில் ஒன்பது ஆண்டு. சென்சார் மாறியிருக்கிறது, ஒளியை இன்னும் நன்றாக வாங்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டும் ஏபிஎஸ்-சி அளவுதான். ரா கோப்பில் வைத்துப் பார்த்தால் புள்ளி குறைவது ஒரு முழு ஸ்டாப்புக்குக்கூட வராது. இந்தியாவுக்கு வந்தபோதே பாடி மட்டும் 1.3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு கொடுத்தும் ஒரு ஸ்டாப் தேறாத இடத்தில், அதைவிட மிகக் குறைந்த விலையில் ஒரு லென்ஸ் நாலு ஸ்டாப் தருகிறது. கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பிழைப்பு அது.

மெகாபிக்சல் பேச்சை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். 24-இலிருந்து 26. அகலத்தில் 6000 பிக்சல் இருந்தது 6192 ஆகிறது. உன் படங்கள் போனில் பார்க்கப்படுகின்றன. எப்போதாவது ஒரு காலண்டர், ஒரு கண்காட்சி. 6000 பிக்சலை அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டாலே 20 அங்குல அகலம் வரும்.

ஏ6700-இல் பாடிக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பாய். ஐந்து ஸ்டாப் வரை காப்பாற்றும் என்று சோனி சொல்கிறது. எதைக் காப்பாற்றும் என்பதில்தான் விஷயம். அது நிறுத்துவது உன் கையின் நடுக்கத்தை. ஆடுகிறவரின் ஆட்டத்தை எந்த பாடியும் நிறுத்தாது. 1/15-இல் பந்தல் கால் கல்லுப்போல நிற்கும், கர்ணன் ஆவியாகிவிடுவான். நீ காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய், பிராகாரத்துச் சின்னச் சின்னச் சன்னிதிகளுக்குள் இருட்டில் இருக்கும் சிற்பங்களையும் சுவரோவிய மிச்சங்களையும் எடுக்கிறவனாக இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். தொல்லியல் துறைக் கோயில்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க விடமாட்டார்கள். சிற்பமோ அசையாது. அங்கே கையில் பிடித்து 1/8-இல் எடுக்க முடிவது பெரிய வரம். இருட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கல்லுக்கு உதவுவது கூத்துக்கு உதவாது.

இதுவரை படித்துவிட்டு, சித்தப்பா லென்ஸ் வாங்கச் சொல்கிறார் என்று கடிதத்தை மடித்துவிடாதே. லென்ஸ் வந்த பிறகுதான் உன் பாடியின் உண்மையான குறை வெளியே வரும்.

ஐந்து மீட்டர் தூரத்தில் நிற்கிற ஒருவரை 56 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் அரை மீட்டருக்கும் குறைவு. எஃப் 5.6-இல் ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும் படம் மன்னித்துவிடும். 1.4 மன்னிக்காது. வேஷக்காரர் ஓரடி முன்னால் வந்தாலே முகம் போய், புஜகீர்த்தியில் ஒட்டிய கண்ணாடித் துண்டுதான் கூர்மையாக நிற்கும். ஏ6000-இல் 179 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள்; பகலில் ஓடும் பையனை அது இன்றைக்கும் நன்றாகவே துரத்தும். ஆனால் ராத்திரியில் திணறும். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி அதில் உண்டு என்றாலும், ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும்; அசைகிற ஆளோடு தொடர்ந்து போகாது. ஏ6700-இல் 759 புள்ளிகள். எண்ணிக்கை முக்கியமில்லை. படத்தில் இருப்பது ஆளா, விலங்கா, பறவையா என்று அதுவே இனம் பிரித்து, உடம்பின் அமைப்பை வைத்து ஆள் திரும்பினாலும் விடாமல் தொடர்கிறது. இந்த ஒன்பது ஆண்டில் நடந்த உண்மையான முன்னேற்றம் இதுதான் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் விளம்பரத்தில் இடம் நிரப்ப.

அதனால்தான் தேறாத படங்களைப் பிரிக்கச் சொன்னேன். இழுபட்டதும் புள்ளி விழுந்ததும் அதிகம் என்றால் லென்ஸ் போதும், பாடியைத் தொடாதே. ஃபோகஸ் தவறியதுதான் அதிகம் என்றால் உன் ஆசையில் நியாயம் இருக்கிறது. அப்போதும் முதலில் லென்ஸ்தான், பாடி பிறகு. புது பாடியில் பழைய கிட் லென்ஸை மாட்டினால், ஃபோகஸ் சரியாக விழுந்த, ஆனால் இழுபட்ட படங்கள் கிடைக்கும்.

இதற்கு நடுவில் ஒரு வழி: எஃப் 1.4 லென்ஸை எஃப் 2-இல் வைத்து எடு. எட்டு மடங்கு வெளிச்சம் அப்போதும் கையில் இருக்கும், கூர்மையான ஆழமும் கூடும். ஏ6000-க்கு அது தோதான இடம்.

வெளிச்சம் என்றதும் இன்னொன்று. இப்போது கூத்துப் பந்தல்களில் எல்இடி ஃபோகஸ் விளக்கு மாட்டிவிடுகிறார்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/250-இல் தொடர்ச்சியாக எடுத்தால், ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். உன் சில படங்கள் காரணமே இல்லாமல் இருண்டிருந்தால் குற்றவாளி இதுதான். ஏ6700 இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் ஷட்டரைத் திறக்கும்படி வைக்கலாம். ஏ6000-இல் அந்த வசதி இல்லை. அந்த மாதிரிப் பந்தலில் 1/100-க்கு இறங்கி, நடிகர் ஒரு கணம் நிற்கும் இடம் பார்த்து அழுத்த வேண்டியதுதான். கூத்தில் அப்படி நிற்கும் இடங்கள் உண்டு என்பது உனக்குத்தான் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரும் ஏ6700-இல் இருக்கிறது. அதை இந்த விளக்குக்கு அடியில் போட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மத்தளத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில் உன் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? ஃபிளாஷ் மட்டும் போட்டுவிடாதே. நடிகருக்குக் கண் கூசும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் நீ வாங்கும் ஏச்சு தனி.

வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் என் பதில் தலைகீழ். ஏ6000-இல் 4கே கிடையாது, வெளி மைக் செருகத் துளையும் கிடையாது. கூத்தில் பாட்டுத்தானே உயிர்? ஏ6700-இல் 4கே உண்டு, மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உண்டு, பேட்டரியும் பெரிது. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை ஒலியோடு ஆவணமாக்கப்போகிறேன் என்று நீ சொன்னால், லென்ஸைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பாடியை வாங்கு என்பேன். ஆனால் உன் கடிதத்தில் வீடியோ என்ற சொல்லே இல்லை.

சின்ன விஷயம் ஒன்று, கடைசியில் பெரிதாகிவிடும். ஏ6000 பேட்டரியோடு சேர்த்து 344 கிராம், ஏ6700 493 கிராம். பிடி ஆழமாக இருக்கிறது. முன்விரலுக்கு ஒரு டயல் கூடுதலாக இருக்கிறது. இருட்டில் கண்ணை எடுக்காமல் ஷட்டரையும் அபெர்ச்சரையும் மாற்ற அது நல்ல வசதி. எடை கூடினாலும் பைக்குள் அடங்கும். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு இரண்டுமே சிறியவைதான்.

ஃபுல் ஃபிரேம் சபலமும் உனக்கு வரும். ஏ6700 வந்த அதே ஆண்டில் ஏ7சி இரண்டாம் பதிப்பும் வந்தது, 514 கிராம்தான். சென்சார் பரப்பு இரண்டேகால் மடங்குக்கு மேல், அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். அதற்கேற்ற லென்ஸ் ஒவ்வொன்றும் கனமாகவும் விலையாகவும் இருக்கும்; ஏபிஎஸ்-சி லென்ஸை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதே.

ஆக, இப்படிச் செய். சிக்மா 56-ஐ வாங்கு. பழையது கிடைத்தாலும் சரி. கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஆனால் பில் இல்லாமல் 'புதுசு' என்று விற்பதைத் தொடாதே. கூட்டத்துக்குள் மேடையை ஒட்டி இடம் கிடைக்கும் ஊர் என்றால் 56 கொஞ்சம் நெருக்கமாகிவிடும். அங்கே சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 பொருந்தும். எது என்று முடிவு செய்ய, கிட் லென்ஸில் எடுத்த படங்கள் அதிகமும் எந்த மில்லிமீட்டரில் இருக்கின்றன என்று பார்த்தாலே போதும். ரா-வில் எடு. புள்ளியைக் குறைக்க இப்போது நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. உன் பழைய ஐஎஸ்ஓ 6400 படங்களை முதலில் அதில் போட்டுப் பார், சில பிழைத்துவிடும்.

பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து தொடங்கும்போது, சென்னையில் ஏ6700-ஐ ஓரிரு நாளைக்கு வாடகைக்கு எடு. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். புது லென்ஸை அதில் முதல் பாதி ராத்திரியும், உன் ஏ6000-இல் மறு பாதியும் மாட்டி, ஒரே இடத்திலிருந்து எடு. அரிதாரம் பூசி, கிரீடம் கட்டி, பாதி முகம் மறைந்த வேஷத்தை அந்த இனம் பிரிக்கும் ஃபோகஸ் ஆள் என்று ஒத்துக்கொள்கிறதா என்பதை மட்டும் கவனி. சாதாரண முகங்களில் அது எவ்வளவு கெட்டி என்பதை நான் கல்யாண மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். கட்டைவேஷக்காரர் முன்னால் பார்த்ததில்லை.

பிறகு இரண்டிலும் தேறாதவற்றை எனக்கு அனுப்பு. ரா கோப்பாக, பென் டிரைவில். வாட்ஸாப்பில் வேண்டாம், அது சுருக்கித் தள்ளிவிடும்.

அன்புடன்,
சித்தப்பா