அசல் பிரேக்கா? தேதி சொல்லும்

பழைய அமெரிக்க மசில் கார்களைப் புதுப்பிக்கும்போது இன்ஜினுக்குக் கிடைக்கும் மரியாதை பிரேக்குக்குக் கிடைப்பதில்லை. இன்ஜின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவர்கள்கூட, துருப்பிடித்த மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலையிலேயே பூட்டி வந்த பாகம் ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான். ஸ்பேனரை எடுக்கும் முன் நான் எதையெல்லாம் பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அமைப்பைப் பாருங்கள், எண்கள் அப்புறம். ஜெனரல் மோட்டார்ஸ் மசில் கார்களில் 1966 வரை மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். 1967 மாடலிலிருந்து இரண்டு அறைகள். 1966 ஷெவர்லே ஷெவெல்லில் இரட்டை அறை இருந்தால் அது பிற்பாடு யாரோ மாற்றியது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம், ஆனால் அசல் அல்ல. ஷெவர்லே கமாரோவில் 1967, 1968 மாடல்களின் முன்சக்கர டிஸ்க்குக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர். 1969இல் ஒற்றை பிஸ்டன். ஃபோர்டு மஸ்டாங்கில் இதே மாற்றம் 1968இல் வந்தது. பாகம் தவறான ஆண்டைச் சேர்ந்தது என்றால் மேற்கொண்டு எண்ணைத் தேட வேண்டியதே இல்லை.

அடுத்தது வார்ப்புத் தேதி. ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகளில் ஓர் எழுத்து மாதத்தைக் குறிக்கும்: ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று வரிசையாகப் போகும். அதையடுத்து நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். ‘சி 15 9’ என்றிருந்தால் 1969 மார்ச் 15. ஒற்றை இலக்கம் என்பதால் 1979ஆகவும் இருக்கலாம். அதனால்தான் அமைப்பை முதலில் பார்க்கச் சொன்னேன். ஃபோர்டு இதையே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும்.

இந்தத் தேதியை வண்டியின் தேதியோடு ஒப்பிடுங்கள். கமாரோவின் இன்ஜின் அறைப் பின்சுவரில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் ‘03பி’ என்றிருந்தால் மார்ச் இரண்டாம் வாரத்தில் கட்டிய உடல். அதற்குச் சில நாள் முதல் சில வாரம் முன்னால் வார்த்த பாகம் பொருந்தும். ஏப்ரலில் வார்த்த டிரம் அந்த வண்டியோடு தொழிற்சாலையை விட்டு வந்திருக்க முடியாது. நிறுவனமே பின்னாளில் உதிரியாக விற்ற பாகங்களும் உண்டு. அவை தரத்தில் குறையாத நிஜப் பொருள்கள்; ஆனாலும் அந்த வண்டியோடு பிறந்தவை அல்ல. விலை பேசும்போது இந்த வேறுபாட்டை விடாதீர்கள்.

வார்ப்பு எண்ணும் விற்பனைப் பட்டியல் எண்ணும் பெரும்பாலும் வேறு வேறு. ஒரே வார்ப்பைக் கடைந்து பல வகையாக முடித்திருப்பார்கள். அதைப் பிரித்தறியத்தான் ஜெனரல் மோட்டார்ஸின் பிரேக் பிரிவான டெல்கோ மொரெய்ன் செய்த மாஸ்டர் சிலிண்டரின் முன்பக்கத் தட்டையான பரப்பில் இரண்டு எழுத்துகள் அடிக்கப்பட்டிருக்கும். டிஸ்க் பிரேக் வண்டியின் சிலிண்டரில் ஓர் அறை பெரிது, ஒன்று சிறிது. நான்கும் டிரம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

இந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. மணல் வீச்சோ கம்பி பிரஷ்ஷோ பட்டால் அழிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கரைத்து, நைலான் பிரஷ்ஷால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசி நீக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

மிகவும் கவனம் வேண்டியது 1969 கமாரோவின் ஜேஎல்8 என்ற கூடுதல் பிரேக் தேர்வு. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், நான்கு பிஸ்டன் காலிப்பர். வந்தவை 206 வண்டிகள்தான். கார்வெட் பிரேக்கின் உறவு என்பதால் கார்வெட் பாகங்களை மாட்டி ஜேஎல்8 என்று விற்க இடமுண்டு. உடல் தகட்டில் பிரேக் விவரம் இருக்காது. சீட் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்க்குக்கு மேலோ கிடைக்கும் தயாரிப்புத் தாள் போன்ற ஆதாரம் இல்லாமல், பாகங்களை மட்டும் நம்பிப் பெரிய தொகை கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

அசலாக இருப்பதும் நன்றாகப் பிடிப்பதும் வெவ்வேறு கேள்விகள். அரித்துப்போன சிலிண்டரின் உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போடலாம். வெளியே எண்ணும் தேதியும் அப்படியே நிற்கும். அதுவும் முடியாவிட்டால் புதியதைப் பூட்டி ஓட்டுங்கள். பழையதை எறியாமல், எந்த வண்டியில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும்.