999-ஐ அழைத்த பிறகு: மீட்புப் படைகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?



தோட்டத்துச் சாலையில் ஒரு கார் கவிழ்ந்தால் ஆம்புலன்ஸ் மட்டும் போதாது. கதவை வெட்டி ஆளை வெளியே எடுக்கத் தீயணைப்புப் படை வேண்டும். சாலையைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காவிட்டால், உயிர் காக்கும் நேரம் வீணாகும்.

ஏன் கேட்காமல் போகும்?

வாக்கி டாக்கி தனக்குரிய அலைவரிசையில்தான் பேசும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், கோபுரம் விழப்போகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரித்தார்கள். உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் வானொலி வேறு என்பதால், அந்த எச்சரிக்கை அவர்களை நேரே எட்டவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர்.

நம் நாட்டில்

முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 என்று தனித்தனி எண்கள் இருந்தன. இப்போது எல்லாவற்றுக்கும் 999 ஒன்றே. மீட்புப் படைகளுக்காக அரசாங்க ஒருங்கிணைந்த வானொலிக் கட்டமைப்பும் இருக்கிறது. இதில் வெவ்வேறு இலாகாவினரை ஒரே பேச்சுக்குழுவில் சேர்க்கலாம். ஒருவர் பேசினால் குழுவினர் எல்லாருக்கும் கேட்கும்.

இதன் அவசியம் நமக்கு அருகிலேயே தெரிந்தது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி நிலச்சரிவில் 92 பேர் சிக்கினர். 61 பேர் உயிர் பிழைத்தனர், 31 பேர் இறந்தனர். தீயணைப்பு, போலீஸ், இராணுவம், பொதுத் தற்காப்பு, சுகாதாரப் பணியாளர்கள் எனப் பலரும் ஒரே இடத்தில் சேர்ந்து தேட வேண்டியிருந்தது.

உங்கள் பங்கு

வானொலியில் முதலில் போவது நீங்கள் சொல்லும் இடத்தின் பெயர்தான். அது தவறினால் எல்லாரும் தவறான இடத்துக்கே போவார்கள்.

• பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. “பத்தாங்” என்று மட்டும் சொன்னால் பத்தாங் காலியா என்று குழம்புவார்கள். புதிய பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.
• தோட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒன்று, பலகையில் இருப்பது வேறாக இருக்கலாம். பலகையில் உள்ள பெயரையும் டிவிஷனையும் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டி வையுங்கள்.
• கோயில், பள்ளி, ஆலை போன்ற அடையாளத்தைக் கூறுங்கள்.
• முதலில் பேசுபவர், உங்கள் அழைப்பை உரிய இலாகாவுக்கு மாற்றிவிடுவார். அதுவரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.
• பேசி முடித்த பிறகு வேறு யாரையும் அழைக்காதீர்கள். ஆம்புலன்ஸிலிருந்து வழி கேட்டு அழைக்கலாம்.
• இரவு நேரமானால், டார்ச் விளக்குடன் ஒருவரைச் சந்திப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

999-க்குக் கட்டணம் இல்லை. கைத்தொலைபேசியில் 112-ஐ அழுத்தினாலும் அங்கேயே போய்ச் சேரும். இன்றே வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, பேரப்பிள்ளைகளையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.